உள்ளே இருக்கும் கணவர், வெளியே நிற்கும் திருமணம்: பினாங்கு விவாகரத்து வழக்கு ஒன்றின் ஆய்வு

அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்டுக்குப் போகிற வழி என்பதால் தொழிற்சாலைச் சீருடையோடேயே வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் திருமணச் சான்றிதழ், இரண்டு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், ரப்பர் பேண்ட் போட்ட அடகுக்கடைச் சீட்டுகள். உட்கார்ந்ததும் கேட்டார்: "அக்கா, வீட்டுக்காரருக்குப் பதினஞ்சு வருஷம் போட்டுட்டாங்க. இனி நான் அவருக்கு மனைவியா, இல்லையா?"

"மனைவிதாம்மா" என்றேன். அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த பையை மடியில் இறுக்கிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

நான் வக்கீல் இல்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் குடும்ப வழக்குக் கோப்புகளைப் பார்க்கும் கிராணி. இங்கே எழுதுவது ஒரே ஒரு குடும்பத்தின் கதையும் இல்லை. ஒரே மாதிரியான சில கோப்புகளில் கண்டதைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி மாற்றி, ஒரு வழக்காகச் சொல்கிறேன். சட்டம் மட்டும் உள்ளது உள்ளபடி.

தண்டனை விழுந்தாலே திருமணம் முறிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஏழு வருடம் உள்ளே இருந்தால் தானாக ரத்தாகிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த ஏழு வருடக் கணக்கு வேறொரு விஷயத்துக்கு உரியது. ஏழு ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறார் என்ற தகவலே வராத ஒருவர் இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிறையில் இருப்பவர் காணாமல் போனவர் இல்லையே. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் சிறைத்தண்டனை விவாகரத்துக்கான காரணமாகவே சொல்லப்படவில்லை. ஒருவர் மட்டும் விவாகரத்து கேட்டால், திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்பதே பொதுவான காரணம். முறிந்ததை நிரூபிக்க வேண்டியது மனுப் போடுகிறவர்.

நம் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணுக்குச் சட்டம் வேறு. கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில், கணவருக்கு மூன்று ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை என்றால் அதுவே ஃபசாக், அதாவது நீதிமன்றம் வழியாகத் திருமணத்தை ரத்து செய்வது, கேட்கப் போதுமான காரணம். தண்டனை இறுதியாகி, ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். "அவங்களுக்கு ஜெயிலைக் காட்டினாலே குடுத்துடுறாங்களாமே" என்று நம் பெண்கள் கேட்பது இதை வைத்துத்தான். நமக்கு அந்த வழி இல்லை. ஆனால் அதே மூன்று ஆண்டு என்ற எண் நம் சட்டத்திலும் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை அறியாமல்தான் இந்தப் பெண் எட்டு மாதத்தை இழந்திருந்தார்.

நடந்தது

கணவர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டியவர். ஆயர் ஈத்தாமில் மலிவு விலை அடுக்குமாடி வீடு, இருவர் பெயரிலும். மூத்தது பெண், அப்போது ஒன்பது வயது. இளையவன் நான்கு. விடியற்காலை மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சமையலறை அலமாரியில், தீபாவளிப் பலகாரம் வைக்கும் பெரிய டின்னுக்குள் இருந்து போதைப்பொருளை எடுத்தார்கள். அலமாரி மனைவியுடையது, டின் மனைவியுடையது. ஆகவே அவரையும் சேர்த்துத்தான் அழைத்துப் போனார்கள்.

14 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை வரக்கூடிய குற்றங்களில் மாஜிஸ்திரேட் முதலில் 7 நாள் வரையும் பிறகு இன்னொரு 7 நாள் வரையும் விசாரணைக் காவல் தரலாம். இவர் 7 நாள் லாக்கப்பில் இருந்தார். ஏழாம் நாள், குற்றச்சாட்டு எதுவுமின்றி விட்டார்கள். அந்த ஏழு நாளும் பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் இருந்தன. இளையவன் பால் குடிக்க மறுத்ததையும், மூத்தவள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டதையும் மக்சிக் பின்னாளில் எங்களிடம் வந்து சொன்னார். வீடு திரும்பியபோது தொழிற்சாலையில் வேலை போயிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாரம் வராதவருக்கு வேறென்ன கிடைக்கும்? இன்னொரு தொழிற்சாலையில் சேர நான்கு மாதம் ஆயிற்று.

கணவர் மீது அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவில் கடத்தல் குற்றச்சாட்டு. மரண தண்டனை வரக்கூடிய பிரிவு என்பதால் ஜாமீன் கிடையாது. 1983 முதல் அந்தப் பிரிவில் தூக்கு கட்டாயமாக இருந்தது. 2018 மார்ச் 15-இல் நீதிபதிக்குச் சிறிது இடம் கிடைத்தது. 2023 ஜூலை 4-இல் கட்டாய மரண தண்டனை முழுவதும் நீங்கியது. இப்போது தூக்கு அல்லது ஆயுள் சிறையும் பிரம்படியும். ஆனால் மரண தண்டனை என்ற சொல் இன்னும் அந்தப் பிரிவில் இருக்கத்தான் செய்கிறது. அது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது. தலைக்கு மேல் கயிறு தொங்கும் ஒருவனை விட்டுவிட்டு வர நம் வீட்டுப் பெண்ணுக்கு வாய் வராது. வந்தாலும் சுற்றி இருப்பவர்கள் விட மாட்டார்கள். இவரும் விடவில்லை. தாலிக்கொடியை அடகு வைத்துக் கணவருக்கு வக்கீல் வைத்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு, பினாங்குச் சிறைக்குப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். 1849-இல் கட்டிய அந்தச் சிறையின் மதில் ஓரமாகப் பேருந்துக்கு நின்ற காலைகளை அவர் எண்ணி வைத்திருக்கவில்லை. இரண்டரை ஆண்டு என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஒருநாள் கணவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து போனில் சொன்னார்: "ஒரு பையன் வருவான். அவன்கிட்ட காசு இருக்கு, வாங்கிக்கோ. எதுக்குன்னு கேக்காத."

அதற்குப் பின் அவர் சந்திக்கப் போகவில்லை.

அந்த மாதமே விவாகரத்துக்கு வழி கேட்டு அலைந்திருக்கிறார். நம் சட்டப்படி ஒருவர் மட்டும் மனுப் போடுவதாக இருந்தால், முதலில் சமரசக் குழுவின் முன் போக வேண்டும். பெரும்பாலோர் போவது ஜேபிஎன் என்று நாம் சொல்லும் தேசியப் பதிவிலாகாவின் திருமணத் தீர்ப்பாயத்துக்கு. கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அது. ஜேபிஎன்னில் போய் 'ட்ரிபியூனல்' என்றால் யாரும் வழி காட்டுவார்கள். இவர் விண்ணப்பித்தார். கணவருக்கு அழைப்பு போனது. உள்ளே இருப்பவர் எப்படி வருவார்? வரவில்லை. வேண்டுமென்றே வராமல் இருந்தால் சட்டத்தில் அதற்கொரு விலக்கு உண்டு; பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரை வேண்டுமென்றே வராதவர் என்று சொல்ல முடியாது. "அவர் வெளியே வந்ததும் பார்க்கலாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று நான் துருவிக் கேட்கவில்லை. அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்திதான். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் அலுவலகத்தில் புதிதாக இருந்தபோது, கணவன் சிறையில் இருந்த ஒரு பெண்ணை "முதல்ல சமரசத்துக்குப் போயிட்டு வாம்மா" என்று அனுப்பி வைத்தேன். போக வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பெண்ணும் ஒரு காரணம்.

கைதாகி மூன்று ஆண்டு ஆனபோது குற்றச்சாட்டு 39ஏ(2)-க்கு மாற்றப்பட்டது. கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தப் பிரிவில் ஆயுள் அல்லது 5 ஆண்டுக்குக் குறையாத சிறை, 10-க்குக் குறையாத பிரம்படி. இவருக்குக் கைதான நாளிலிருந்து 15 ஆண்டு, 10 பிரம்படி. ஒழுங்காக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கழியும், ஆக 10 ஆண்டு. தண்டனைக்குப் பின் தைப்பிங் சிறைக்கு மாற்றினார்கள். அதன் பின் எட்டு மாதம் கழித்துத்தான் மனைவி எங்களிடம் வந்தார்.

106-ஆம் பிரிவின் சிறு வரி

சமரசக் குழுவுக்குப் போக வேண்டும் என்று சொல்வது சட்டத்தின் 106-ஆம் பிரிவு. யார் யார் போக வேண்டியதில்லை என்பதையும் அதே பிரிவுதான் சொல்கிறது. விட்டுப் போனவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாதபோது. எதிர்த்தரப்பு வெளிநாட்டில் இருந்து ஆறு மாதத்துக்குள் திரும்ப வாய்ப்பில்லாதபோது. அழைத்தும் வேண்டுமென்றே வராதபோது. குணமாகாத மனநோய் இருக்கும்போது. வேறு விதிவிலக்கான சூழல் என்று நீதிமன்றம் ஏற்கும்போது. இவற்றுக்கு நடுவே ஒரு வரி: எதிர்த்தரப்பு மூன்று ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை அனுபவிக்கும்போது.

அவ்வளவுதான். தண்டனை விதித்த உத்தரவின் நகலைக் கோப்பில் வைத்து, இந்த விலக்கின் கீழ் வருகிறோம் என்று மனுவிலேயே எழுதினால் நேராக உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்தப் பெண் எங்களிடம் வருவதற்கு எட்டு மாதம் முன்பே, தண்டனை வாசிக்கப்பட்ட அன்றே அந்தக் கதவு திறந்துவிட்டது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த வரியை நன்றாகக் கவனிக்க வேண்டும். 'தண்டனை' என்றால் நீதிமன்றம் விதித்த தண்டனை. ஜாமீன் இல்லாமல் வழக்கு நடக்கும் காலம் எவ்வளவு நீண்டாலும் அது தண்டனை ஆகாது. போக்கா என்று நாம் சொல்லும் குற்றத்தடுப்புச் சட்டத்திலோ, போதைப்பொருளுக்கான 1985-ஆம் ஆண்டுச் சிறப்புத் தடுப்புச் சட்டத்திலோ இரண்டாண்டுத் தடுப்புக்காவலில் வைத்திருந்தால் அதுவும் ஆகாது. அங்கே தீர்ப்பே கிடையாது. அந்த நிலையில் இருக்கும் பெண்கள் மேலே கடைசியாகச் சொன்ன வழியைத்தான் பிடிக்க வேண்டும்: விதிவிலக்கான சூழல் என்று நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்குவது. முடியாத காரியம் இல்லை. ஆனால் ஒரு விண்ணப்பம் கூடுதல், சில மாதம் கூடுதல். இந்தப் பெண் தீர்ப்பாயத்துக்கு அலைந்த காலத்தில் கணவருக்கு இன்னும் தண்டனை ஆகவில்லை. அப்போதே ஒரு வக்கீலிடம் போயிருந்தால் இந்த வழியைக் காட்டியிருப்பார். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். முஸ்லிம் அல்லாதவர்களின் விவாகரத்தும் அதில் அடங்கும்.

எதைக் காரணமாகச் சொல்வது

எங்கள் வக்கீல் அம்மா முதல் சந்திப்பில் ஒரு கேள்வி கேட்டார். "அவர் பிடிபடாமலேயே இருந்திருந்தால் நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

பெண் வெகுநேரம் யோசித்தார். திருமணமான ஆறாம் ஆண்டில் ஒருமுறை, எட்டாம் ஆண்டில் ஒருமுறை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். ராத்திரி வரும் ஆட்கள், கேட்டால் விழும் அடி. பெரியவர்கள் பேசித் திருப்பி அனுப்பினார்கள். இதையெல்லாம் அவர் அதுவரை சொல்லவே இல்லை. சிறைதான் பெரிய காரணம், மற்றதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைத்திருந்தார்.

சட்டத்தின் பார்வையில் அது நேர் எதிர். 54-ஆம் பிரிவு நான்கு நிலைமைகளைச் சொல்கிறது: கள்ள உறவு, சேர்ந்து வாழச் சொல்வது நியாயமில்லை என்னும்படியான நடத்தை, இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனது, இரண்டு ஆண்டு பிரிந்து வாழ்ந்தது. கைவிட்டது இங்கே பொருந்தாது. கைவிடுவதற்கு மனம் வேண்டும். போலீஸ் கொண்டுபோனவர் மனைவியைக் கைவிட்டுப் போனவர் ஆகமாட்டார்.

பிரிந்து வாழ்ந்தது பொருந்துமே என்று யாருக்கும் தோன்றும். கணவர் உள்ளே போய் மூன்று ஆண்டு எட்டு மாதம் ஆகிவிட்டதே! எனக்கும் தோன்றியது. வக்கீல் அம்மா தலையசைக்கவில்லை. நம் பிரிவின் மூலமான ஆங்கிலச் சட்டத்தில் 1972-ஆம் ஆண்டின் சாந்தோஸ் வழக்கு ஒன்று உண்டு. உடல் வேறு வேறு இடத்தில் இருப்பது மட்டும் பிரிவு இல்லை, இருவரில் ஒருவராவது இந்தத் திருமணம் முடிந்தது என்று மனத்தில் முடிவு செய்திருக்க வேண்டும் என்று சொன்ன வழக்கு. கப்பலில் வேலை செய்கிறவரும் சிறையில் இருப்பவரும் வீட்டில் இல்லாததாலேயே பிரிந்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். இந்தப் பெண் முதல் இரண்டரை ஆண்டும் மனைவியாகத்தான் இருந்தார். கண்ணாடிக்கு முன் உட்கார்ந்தார், அடகு வைத்தார், சிறைக் கணக்கில் பணம் கட்டினார். பிரிவுக் கணக்கு அந்தப் போன் பேச்சுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு இன்னும் 14 மாதம்தான் ஆகியிருந்தது.

அதனால் நடத்தைதான் காரணம். அங்கேயும் 'அவர் குற்றவாளி' என்று எழுதினால் போதாது. குற்றம் இந்தத் திருமணத்தை என்ன செய்தது என்பதை எழுத வேண்டும். முதல் வரைவை நான்தான் தட்டச்சு செய்தேன். 'எதிர்மனுதாரர் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை அனுபவித்து வருகிறார், ஆகவே' என்று தொடங்கியிருந்தேன். வக்கீல் அம்மா அந்த 'ஆகவே'யைச் சிவப்பு மையால் அடித்தார். புதிய வரைவு பலகார டின்னிலிருந்து தொடங்கியது. மனைவிக்குத் தெரியாமல் அவர் சமையலறையில் மறைத்து வைத்தது, அதனால் மனைவி லாக்கப்பில் கழித்த ஏழு நாள், மக்சிக் வீட்டில் கிடந்த பிள்ளைகள், போன வேலை, அதற்கு முன் இரண்டு முறை அம்மா வீட்டுக்குப் போனது, அதன் காரணங்கள், கடைசியாக, உள்ளே இருந்துகொண்டே யாரிடமோ காசு வாங்கி வரச் சொன்னது. சிறைத்தண்டனை நான்காம் பக்கத்தில், 106-ஆம் பிரிவு விலக்குக்காக மட்டும் வந்தது.

மனுவைப் படித்துக் காட்டியபோது அவர் அழுதார். "இதெல்லாம் எழுதலாமா அக்கா? அவர் உள்ள இருக்கும்போது இப்படி எழுதுறது பாவமில்லையா?" நான் சொல்ல ஒன்றும் இல்லாமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எழுதத்தான் வேண்டியிருந்தது.

சேர்ந்து கேட்பதா, தனியாகக் கேட்பதா

52-ஆம் பிரிவில் இன்னொரு பாதை உண்டு. இருவரும் மனமொத்து ஒரே மனுவாகப் போடலாம். திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் ஏற்பாடு எழுதப்பட்டிருக்க வேண்டும். யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை, சமரசக் குழுவும் கிடையாது. கணவர் சிறையில் இருந்தாலும் சம்மதித்தால் ஆவணங்களை உள்ளே கொண்டுபோய் முறைப்படி சத்தியம் செய்து கையெழுத்து வாங்கலாம். எந்தக் கோப்பிலும் நாங்கள் முதலில் முயல்வது இதைத்தான்.

இங்கே நடக்கவில்லை. மாமியார் மூலம் கேட்டோம். மாமி வந்தார். எழுபது வயது, தண்ணீர்மலைக்கு வருடம் தவறாமல் பால்குடம் எடுத்தவர். "உள்ள கெடக்குறவன் நெஞ்சுல இன்னொரு கல்லைத் தூக்கிப் போடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மருமகளைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கணவரோ, மனைவி விட்டுப் போய்விட்டாள் என்று தெரிந்தால் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் மேல்முறையீடு கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தார். தண்டனையைக் குறைப்பதா வேண்டாமா என்பதற்கும் விவாகரத்துக்கும் சட்டத்தில் தொடர்பில்லை. ஆனாலும் பயந்த மனிதர் கையெழுத்துப் போட மாட்டார்.

ஆகவே தனி மனு. மனுவைச் சிறைக்கு அனுப்பி, அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வாங்க வேண்டும். மனுதாரரே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்வதற்குக் காரணம், "நானே போய்க் கொடுத்துடுறேனே, செலவு மிச்சம்" என்று கிளம்புகிற பெண்கள் இருக்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து கல்யாணம் செய்து வந்த பெண்களுக்காக இங்கே ஒரு வார்த்தை. இருவரும் மலேசியாவை நிலையான வாழிடமாகக் கொண்டவர்கள் என்பதே இங்கே மனுப் போடப் பொதுவான தகுதி. ஆனால் மனைவி தொடர்ந்து இரண்டு ஆண்டு இங்கே குடியிருந்தால் 49-ஆம் பிரிவு அவருக்கு வழி விடுகிறது. இந்தியாவிலும் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் சிறை ஒரு காரணம் இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான் ஏழு ஆண்டுத் தண்டனை காரணமாக இருக்கிறது. எந்தச் சட்டத்தில் பதிந்த கல்யாணம் என்பதைச் சான்றிதழைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கோயிலில் தாலி கட்டி இங்கே பதியாமலே விட்டவர்கள் கதை வேறு. அதற்கு இந்தக் கோப்பில் இடமில்லை.

லைட் ஸ்ட்ரீட்டில் ஒரு காலை

பினாங்கு உயர்நீதிமன்றம் லைட் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. அன்று கணவரைச் சிறை வேனில் கொண்டுவந்தார்கள். அவர் வக்கீல் வைக்கவில்லை. கைவிலங்கோடு, இரண்டு வார்டர்களுக்கு நடுவே, பின் வரிசையில் உட்கார்ந்தார். தலை மழித்திருந்தது. திருமணப் படத்தில் நான் பார்த்த ஆள்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

மனைவி சாட்சிக் கூண்டில் ஏறினார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று மலாயிலேயே பதில் சொன்னார். கேள்விகள் அதிகமில்லை. நீதிபதி கணவரைப் பார்த்து, எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். அவர் எழுந்து நின்றார். எதிர்க்கவில்லை என்றார். "பிள்ளைங்களைப் பார்க்க மட்டும் விடச் சொல்லுங்க."

அந்த ஒரு வேண்டுகோளுக்காக வழக்கு மதியத்துக்குத் தள்ளிப் போனது. வக்கீல் அம்மா தாழ்வாரத்தில் வார்டர்களின் அனுமதியோடு அவரிடம் பேசினார். மூத்தவளுக்கு அப்போது பதினான்கு நெருங்கியிருந்தது, இளையவனுக்கு ஒன்பது. ஏழு வயதுக்குக் கீழான பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானம் 88-ஆம் பிரிவில் இருக்கிறது. இவர்கள் அந்த வயதைத் தாண்டியவர்கள், சொந்த விருப்பத்தைச் சொல்லக்கூடியவர்கள். அதையும் நீதிமன்றம் பார்க்கும். கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்டது: பராமரிப்பும் பாதுகாப்பும் தாயிடம். தகப்பன் கடிதம் எழுதலாம், தாய் அதைப் பிரிக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். சிறைக்குப் போய்ப் பார்ப்பது பிள்ளையின் விருப்பம், யாரும் கட்டாயப்படுத்தவும் கூடாது, தடுக்கவும் கூடாது. போனால் பாட்டி கூட்டிப் போவார். இந்த நான்கு வரியை எழுத இரண்டு மணி நேரம் ஆனது. நான் இதுவரை தட்டச்சு செய்த வரிகளில் மிகவும் கவனமாகச் செய்தவை அவை.

பாஸ்போர்ட், பள்ளி மாற்றம், அறுவை சிகிச்சை எல்லாவற்றுக்கும் தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று இத்தனை நாளும் அவர் பயந்திருந்தார். 1999-இல் சிறார் பாதுகாவலர் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து தாய்க்கும் தகப்பனுக்குள்ள அதே உரிமை உண்டு. இப்போது கையில் உத்தரவும் இருப்பதால் எந்த கவுன்டரிலும் வாக்குவாதம் இல்லை.

ஒரு ரிங்கிட்டும் ஒரு கொடியும்

சிறையில் இருப்பவரிடம் ஜீவனாம்சம் கேட்டு என்ன பயன்? கேட்க வேண்டும். மாதம் 1 ரிங்கிட் என்று கேட்டோம், உத்தரவும் அப்படியே கிடைத்தது. பெண்ணுக்கு முதலில் கோபம் வந்தது. "எம் பிள்ளைங்க ஒரு வெள்ளிக்கா?" அந்த ஒரு ரிங்கிட் பிள்ளைகளின் சோற்றுக்கு இல்லை. கதவை மூடிவிடாமல் வைத்திருப்பதற்கு. சூழ்நிலை மாறினால் ஜீவனாம்ச உத்தரவைத் திருத்தக் கேட்கலாம். பிள்ளைகளுக்கான பொறுப்பு 18 வயது வரை. 2018 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பின், மேற்படிப்போ தொழிற்பயிற்சியோ முடியும் வரை நீளலாம். கணவர் வெளியே வரும்போது இளையவனுக்குப் பதினான்கு, மூத்தவள் மேற்படிப்பு வயதில் இருப்பாள். லாரி ஓட்டத் தொடங்கினால், அன்று அந்த ஒன்று முந்நூறாகலாம்.

வீடு விஷயம் நீண்டது. 76-ஆம் பிரிவு இருவரின் பணப் பங்களிப்பையும் வீட்டு உழைப்பையும் பிள்ளைகளின் தேவையையும், இருவரின் நன்மைக்காக வாங்கிய கடன்களையும் பார்க்கச் சொல்கிறது. திருமணம் எத்தனை காலம் நீடித்தது என்பதும் 2018-இல் நடப்புக்கு வந்த அதே திருத்தத்தில் சேர்ந்தது. கைதான நாளிலிருந்து தவணை முழுவதையும் கட்டியவர் மனைவி. வங்கிக் கணக்கு விவரம் அதைக் காட்டியது. கணவரின் பாதிப் பங்கும் மனைவிக்கே என்று உத்தரவானது. போதைப்பொருள் பணத்தில் வாங்கிய சொத்தாக இருந்திருந்தால் 1988-ஆம் ஆண்டுச் சொத்துப் பறிமுதல் சட்டம் குறுக்கே வந்திருக்கும். இந்த வீடு அதற்கு முன்பே, சம்பளக் கடனில் வாங்கியது என்பதையும் தாளில் காட்ட வேண்டியிருந்தது. உத்தரவில் ஒரு வரியை மறக்காமல் கேட்டு வாங்கினோம்: மாற்றுப் பத்திரத்தில் கணவர் கையெழுத்துப் போடாவிட்டாலோ போட முடியாவிட்டாலோ அவருக்குப் பதிலாக நீதிமன்றப் பதிவாளர் போடலாம். தைப்பிங்குக்கும் பினாங்குக்கும் ஒவ்வொரு தாளாக ஓடுவதிலிருந்து இந்த வரி காப்பாற்றும். சிறையில் இருப்பவரோடு சொத்துப் பிரிக்கும் யாரும் இதைக் கேட்காமல் விடக் கூடாது.

சொத்துப் பட்டியல் எழுதும்போது நகைகள் என்ற இடத்தில் தாலிக்கொடியைச் சேர்த்தேன். அடகுச் சீட்டுகள்தானே அந்தப் பையில் கட்டாக இருந்தன. மாதம் 2 விழுக்காடு வட்டி, ஆறு மாதத் தவணை; ஒவ்வொரு ஆறு மாதமும் வட்டியைக் கட்டிப் புதுச் சீட்டு வாங்கியிருக்கிறார். கட்டிய வட்டியைக் கூட்டிப் பார்த்தபோது அடகுத் தொகையில் முக்கால்வாசிக்குப் பக்கம் வந்தது. "இதை சொத்துல போடாதீங்கக்கா," என்றார். "இது கடன்ல போடுங்க." அவர் சொன்னதுதான் சரி. கணவரின் வழக்குச் செலவுக்காக மனைவி வைத்த அடகு. அதைக் குடும்ப நன்மைக்கான கடன் என்று வக்கீல் அம்மா வாதிட்டார், வீட்டுப் பங்கைத் தீர்மானித்ததில் அதுவும் எடுபட்டது.

மனுப் போட்டதிலிருந்து ஐந்தாம் மாதம் டிகிரி நிசி. அது இடைக்கால ஆணைதான். மூன்று மாதம் கழித்து, அதை முடிவான ஆணையாக்க விண்ணப்பித்து டிகிரி அப்சலூட் வாங்கினால்தான் விவாகரத்து முழுமையாகும். நிசி வந்த மறுநாளே மறுமணத்துக்கு நாள் பார்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அது செல்லாது. அப்சலூட்டை ஜேபிஎன்னில் காட்டித் திருமண நிலையைப் பதிவில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்சலூட் நகலை வாங்க அவர் வந்த அன்று, போட்டோகாப்பி இரண்டு கேட்டார். ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. மற்றது மாமிக்கு. "அவங்க கேட்டாங்க. மறைக்க வேணாம்னு தோணுச்சு."

சில மாதம் கழித்து மூத்தவள் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றாள். பாட்டி கூட்டிப் போனார். தாய் ஷிஃப்ட்டில் விடுப்பு எடுத்து, பஸ் பிடித்து, தைப்பிங் வரைக்கும் கூடவே போயிருக்கிறார். வாசலுக்கு எதிரே ஒரு கடையில் தே ஓ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மகள் வெளியே வந்து என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கோப்பை இன்னும் மூடவில்லை. வீடு மலிவு விலை வீடு என்பதால் பெயர் மாற்றத்துக்கு மாநில அதிகாரியின் சம்மதம் வேண்டும். நில அலுவலகத்தில் விண்ணப்பம் இருக்கிறது, மாதம் ஒருமுறை போய்க் கேட்டு வருகிறேன்.